புஷ் மாற்றும்போது நடக்கும் தவறுகள்: அதில் ஒன்று இன்னும் எரிச்சலூட்டுகிறது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் சிலேத்தார் ஹில்ஸில் அக்காவின் தரைவீட்டு முன்றிலில் மருமகன் தன் பழைய காரைத் தூக்கி நிறுத்தியிருந்தான். முன்சக்கரங்கள் இரண்டும் சுவரில் சாய்ந்து கிடந்தன. காருக்கு அடியிலிருந்து அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. குறித்த அளவு இறுகியதும் ஒலி கொடுக்கும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்றது.

"எந்த போல்ட்டை முறுக்கினாய்?" என்று கேட்டேன்.

"லோவர் ஆர்ம் போல்ட்தான் மாமா. கையேட்டில் இருக்கிற அளவுக்குச் சரியாக முறுக்கிவிட்டேன்" என்றான். குரலில் பெருமை வழிந்தது. லோவர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க்கை. அது உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் மூட்டுதான் புஷ், அவன் மாற்றிக்கொண்டிருந்தது அதைத்தான்.

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன். 2018இல் நானும் இதே பெருமையோடு இதே காரியத்தைத்தான் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் ஸ்பேனரை எடுக்கவே வேண்டாம்.

இந்த ஊரில் ஒரு காரைப் 10 ஆண்டுக்கு மேல் வைத்திருப்பதே வைராக்கியம். வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், சாலை வரியும் 10 விழுக்காடு கூடுதலில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும். இவ்வளவையும் கட்டிய பிறகு, கார் நிறுத்துமிடத்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'கடக்' என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? குறைவாக ஓடிய கார் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நின்றுகொண்டே இருந்தாலும் ரப்பர் கிழடாகும். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் இடிப்பதும், விரைவுச்சாலையில் ஸ்டியரிங் ஒரு நிலையில் நில்லாமல் அலைவதும் பெரும்பாலும் இந்த ஆர்ம் புஷ் ரப்பரின் வேலைதான்.

அளவெடுக்காமல் ஜாக் போடுவது

காரைத் தூக்குவதற்கு முன், சமதரையில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிவையுங்கள். இரண்டு பக்கமும். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரில் காற்று குறைந்திருந்தால் அந்த அளவு பொய் சொல்லும். நான் ஒட்டுநாடாவில் எழுதி மட்கார்டிலேயே ஒட்டிவிடுவேன். இது எதற்கு என்பது அடுத்த தலைப்பில்.

சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்குவது

புஷ் என்றால் கதவுக் கீல் மாதிரி உள்ளே ஏதோ சுழல்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரப்பர் புஷ்ஷில் எதுவும் சுழல்வதில்லை. வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டிப் பிடித்த ரப்பர். வெளிவளையம் ஆர்முக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். உள்குழலைப் போல்ட் இரண்டு தாங்கிகளுக்கு நடுவே நெரித்துப் பிடித்துக்கொள்ளும், அசைய விடாது. அப்படியானால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆர்ம் எப்படித் திரும்புகிறது? ரப்பர் முறுக்கிக்கொடுக்கிறது. அவ்வளவுதான்.

ஆகவே போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. கார் ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், தொங்குவதுதான் அதற்கு இயல்பு ஆகிவிடும். காரைத் தரையில் இறக்கிய கணத்திலிருந்து ரப்பர் முறுக்குண்டே கிடக்கும். கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்து மாவுக்கட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? அந்த நிலையில்தான் அது ஒவ்வொரு பள்ளத்தையும் வாங்க வேண்டும்.

எவ்வளவு முறுக்கு என்று கேட்பீர்கள். என் காரில் சக்கரம் 9 சென்டிமீட்டர் கீழே தொங்கியது, ஆர்மின் நீளம் 36 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 14 பாகைக்கு மேல் வருகிறது. கார் சும்மா நிற்கும்போதே 14 பாகை! வேகத்தடை, குழி எல்லாம் அதற்கு மேல்தான்.

2018இல் எனக்கு இது தெரியாது. புஷ் மாற்றி நான்கே மாதத்தில் பழைய சத்தம் திரும்பிவிட்டது. போலிச் சரக்கு என்று முடிவுகட்டினேன். கிழிந்த புஷ்ஷை ஒரு பையில் போட்டுக்கொண்டு, காக்கி புக்கிட்டில் அதை வாங்கிய கடைக்கே சண்டைக்குப் போனேன். கடைக்காரர் வயதான சீனப் பெரியவர், என்னோடு மலாயில்தான் பேசுவார். நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு புஷ்ஷை விளக்கின் கீழே பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்குழலை ஒட்டி, பிறை வடிவத்தில், வளைந்து வளைந்து கிழிந்திருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "முறுக்கும்போது சக்கரம் தரையிலா, காற்றிலா?"

பதில் சொல்லாமல் இன்னொரு ஜோடி புஷ் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆர்மை மறுபடியும் கழற்றி, பட்டறையில் கொடுத்து அழுத்தி, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் மறுபடி பார்த்தேன். புஷ்ஷின் விலையைவிட இந்த இரண்டாம் சுற்றுச் செலவு அதிகம். ஒரு வார இறுதி முழுவதும் போனது தனி.

மருமகனுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முயலவில்லை. சக்கரம் தொங்கியபடியே இருக்க, திருத்தும் வெள்ளைமையை எடுத்து, புஷ்ஷின் முகத்தில் உள்குழலிலிருந்து வெளிவளையம் வரை ஒரு நேர்கோடு போட்டேன். பிறகு ஆர்மின் நுனியில், சக்கரப் பக்கத்து மூட்டான பால் ஜாயின்ட்டுக்குக் கீழே, ஜாக்கை வைத்து மெல்ல உயர்த்தினோம். மட்கார்டில் ஒட்டியிருந்த அளவு வரும்வரை. நல்ல வேளையாக அளவு மட்டும் எடுத்துவைத்திருந்தான். கோடு இப்போது நடுவில் முறிந்து, ரப்பர் மேல் சாய்வாக இழுபட்டு நின்றது. "போல்ட்டைத் தளர்த்து" என்றேன். ரெஞ்சை அரைச் சுற்று திருப்பினான். 'நறுக்' என்று ஒரு சத்தம். உள்குழல் துள்ளித் திரும்பியது, கோடு மறுபடி நேரானது. மருமகன் அதற்குப் பிறகு சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

செய்ய வேண்டிய முறை இதுதான். போல்ட்டுகள் எல்லாவற்றையும் இடத்தில் போட்டு, ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். சக்கரத்தை மாட்டி, டயருக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி, காரின் எடை முழுவதும் அதன்மேல் வரும்படி இறக்குங்கள். கட்டை வைப்பது நீங்கள் அடியில் நுழைய இடம் கிடைப்பதற்காக. ஸ்டாண்டுகள் பக்கத்திலேயே காவலுக்கு இருக்கட்டும். முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்திக் குலுக்கி, மட்கார்டு அளவைச் சரிபார்த்த பிறகே கடைசி முறுக்கு.

நாங்கள் செய்தது போல ஆர்மின் நுனியில் ஜாக் வைத்து உயர்த்தும் வழியும் உண்டு. ஆனால் கார் எடை குறைந்ததாக இருந்தால், அளவு வருவதற்கு முன்பே உடல் ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கும். அப்படி எழும்பினால் அங்கேயே நிறுத்திவிட்டு மரக்கட்டைக்குத் திரும்புங்கள்.

இவன் எங்கே இதைக் கற்றான் என்று விசாரித்தேன். ஏதோ காணொளியாம். அவன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். அதில் போட்டது ரப்பர் அல்ல, பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆன புஷ். அதில் உள்குழல் கிரீஸ் தடவிய ஓட்டைக்குள் உண்மையிலேயே சுழலும், ஆகவே எந்த நிலையில் இறுக்கினாலும் கெடுதல் இல்லை. அதை அப்படியே ரப்பருக்குக் கொண்டுவந்துவிட்டான்.

பெட்ரோலிய கிரீஸ் தடவி ஏற்றுவது

ரப்பர் ஊதிக் குழைந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

எங்கே அழுத்துகிறோம் என்று பாராமல் அழுத்துவது

புது புஷ்ஷை உள்ளே ஏற்றும்போது அழுத்தம் வெளிவளையத்தின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். வெளிவளையத்தின் விட்டத்துக்குப் பொருந்தும் ஒரு பெரிய சாக்கெட் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். நடுக்குழலில் அழுத்தினால், ஒட்டியிருக்கும் ரப்பர் முதல் நாளே பிரிந்துபோகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. சுத்தியலைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இன்னொன்று: சில புஷ்களில் ரப்பரின் நடுவே பிறை போன்ற வெற்றிடங்கள் இருக்கும். அவை அலங்காரம் அல்ல. ஒரு திசையில் மெத்தென்றும் மறுதிசையில் கெட்டியாகவும் இருப்பதற்காக வைத்தவை. பழைய புஷ்ஷைக் கழற்றுவதற்கு முன் அந்த வெற்றிடம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஆர்மிலேயே ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். படம் பிடித்தால் போதாதா என்பார்கள். ஆர்மைக் கையில் எடுத்து இரண்டு முறை புரட்டிய பிறகு படத்தில் எது மேல், எது கீழ் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

பழைய ரப்பரை எரித்து எடுப்பது

வேண்டாம். புகையும் நாற்றமும் பக்கத்து வீட்டுத் துணிக்கம்பம் வரை போகும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

மற்றது அதே வயதுடையது.

ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வேலை செய்வது

ஒரு பக்கம் தொங்க, மறுபக்கம் தரையில் நின்றால், இரண்டையும் இணைக்கும் ஆன்ட்டி ரோல் பார் முறுக்கேறி நிற்கும். அந்தப் பாரைப் பிடித்திருக்கும் லிங்க் போல்ட் வர மறுக்கும், வந்தால் தெறிக்கும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தூக்கினால் அது ஒரு விரலுக்கே கழன்று வரும்.

வேலை முடிந்த கையோடு அலைன்மென்ட்டுக்கு ஓடுவது, அல்லது போகாமலே விடுவது

ஆர்மைக் கழற்றி மாட்டிய பிறகு சக்கரக் கோணம் பழைய இடத்துக்கே வரும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. போகாமல் விட்டால் டயரின் உள்விளிம்பு வழுக்கையான பிறகுதான் கண்ணில் படும். நான் சில நாள் ஓட்டி, புது ரப்பர் இடத்தில் அமர்ந்த பிறகு போவேன். போவதற்கு முன் அந்த ஆர்ம் போல்ட்டுகளை ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பார்ப்பேன், சக்கரம் தரையில் இருக்கும்போதே.