கிட்டாரின் வயிற்றுக்குள் விட்டுப்போன பட்டியை ஒட்டுவது

தப்பு என்னுடையதுதான். மே மாதம், தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். கிட்டாரைப் பூட்டிய காரின் பின்சீட்டில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். வெயிலில் நிற்கிற காருக்குள் என்ன சூடு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மரத்தை ஒட்டும் பசை அந்தச் சூட்டில் இளகும் என்பது எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஜி கம்பியைத் தட்டினால், உள்ளே வண்டு மாட்டிக்கொண்டதுபோல ‘ர்ர்ர்’ என்றது.

கையால் செய்த கிட்டார், என்னிடம் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. கம்பி மாற்றினேன், கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட்டை எல்லாம் பார்த்தேன். இரண்டு வாரம் வீண். கொயரில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன்தான் சொன்னார்: “தம்பி, கம்பிய விடு, பலகையத் தட்டிப் பாரு.”

அதுதான் முதல் வேலை. இடது உள்ளங்கையால் ஆறு கம்பிகளையும் அமுக்கிக்கொண்டு, விரல் முட்டியால் மேல்பலகையை அங்கங்கே மெல்லத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டொம்’ என்னும். பலகையை உள்ளிருந்து தாங்க ஒட்டியிருக்கும் மரப்பட்டி பிரிந்து விட்டுப்போன இடத்தில் ‘டப்’ என்பதோடு ஒரு சின்னச் சரசரப்பும் கேட்கும். எனக்கு, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குக் கீழே, சாய்வாக ஓடும் டோன் பார் என்ற பட்டியின் நுனியில் கேட்டது. நுனியை மெலிதாக இழைத்திருப்பார்கள், பலகை அதிகம் அசைவதும் அந்தப் பக்கம்தான். அதனால் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிரியத் தொடங்கும்.

அப்புறம் கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றுங்கள். 12 கேஜ் கம்பி செட் (மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம்) ஒன்று டியூனில் இருக்கும்போது 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. 1840களில் அமெரிக்காவில் மார்ட்டின் என்ற கிட்டார் பட்டறையில் இந்த எக்ஸ் வடிவப் பட்டி அமைப்பு வந்தபோது கிட்டாரில் இருந்தது விலங்கின் குடலில் திரித்த நரம்பு. அதே அமைப்புதான் இன்று இவ்வளவு எஃகின் இழுப்பையும் தாங்கி நிற்கிறது. கம்பி ஏறியபடியே ஒட்டப் பார்க்காதீர்கள்.

உள்ளே பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. செல்பி கேமரா மேலே பார்க்கும்படி போனை அடிப்பலகையில் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன எல்இடி விளக்கையும் வைத்து, வீடியோ எடுங்கள். மேல்பலகையின் நடுவிலுள்ள வட்டத் துளை, அதாவது சவுண்ட்ஹோல், 10 செ.மீ. அகலம், போன் தாராளமாக நுழையும். சந்தேகப்பட்ட இடத்தில் ஏ4 தாளின் ஒரு துண்டைப் பட்டிக்கும் பலகைக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். எதுவரை போகிறதோ அதுவரை விட்டிருக்கிறது. எனக்கு 6 செ.மீ. போனது. ஆனால் இரண்டு பெரிய பட்டிகள் குறுக்கே சேரும் எக்ஸ் முடிச்சே விட்டிருந்தாலோ, சவுண்ட்ஹோல் பக்கம் பலகை குழிந்திருந்தாலோ கையை எடுத்துவிட்டு நல்ல ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள்.

பசை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். டைட்பாண்ட் ஒரிஜினல், சிவப்பு லேபிள். சூப்பர் குளூ கூடாது, எபாக்ஸி கூடாது. நாளைக்கு யாராவது திரும்பப் பிரிக்க வேண்டி வந்தால் திட்டுவார்கள். மேசை நாற்காலிக்குப் போடும் வெள்ளைப் பசை, விடாத இழுப்பில் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். கிட்டாரைச் செய்தவர் வஜ்ஜிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சி ஒட்டியிருந்தால் வஜ்ஜிரமே போடலாம், பழைய வஜ்ஜிரத்தின் மேல் புதியது பிடிக்கும். டைட்பாண்ட் தன் பழைய படலத்தின் மேல் சரியாகப் பிடிக்காது. அதனால் 240 நம்பர் உப்புத்தாளில் ஒரு மெல்லிய துண்டை இடுக்கில் விட்டு இரண்டு மூன்று முறை இழுத்து, சைக்கிள் பம்பால் தூசியை ஊதி விடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் இடுக்கு அகலமாகிவிடும்.

இனிதான் உண்மையான வேலை, அமுக்கிப் பிடிப்பது. கடையில் 8 மி.மீ. போல்ட்டும் நீள நட்டும் வாங்கி, ஒரு மரக்குச்சியின் முனையில் பொருத்தி, திருகினால் நீளும் குட்டி ஜாக்கி ஒன்று செய்தேன். அதன் தலையில் பட்டி உட்காரும்படி காடி வெட்டிய மரத்துண்டு. முதல் முறை அதன் காலை வெறும் அடிப்பலகையில் ஊன்றித் திருகினேன். ‘டிக்’ என்றது. அடிப்பலகை வெளியே லேசாகப் புடைத்து, அங்கிருந்த பட்டியும் விட்டுக்கொண்டது. ஒரு ரிப்பேர் இரண்டாயிற்று. எனவே ஜாக்கியின் கால் அடிப்பலகையின் இரண்டு பட்டிகள் மேல் குறுக்கே கிடக்கும் ஒரு ரீப்பர் துண்டில்தான் நிற்க வேண்டும். வெளியேயும் மேலும் கீழும் தோல் ஒட்டிய கட்டைகளை வைத்து, வாய் ஆழமான எஃப் கிளாம்ப் ஒன்றால் பிடியுங்கள். அப்போதுதான் உள்ளே தள்ளுவதை வெளியே தாங்கும். விரல் பலத்துக்குத் திருகினால் போதும்.

பசையில்லாமல் முதலில் இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. கை உள்ளே போனபின் எதுவும் தெரியாது. வாட்ச், மோதிரம் கழற்றிவிடுங்கள்.

ஒத்திகை சரியாக வந்தால் ஒட்டுவது ஐந்து நிமிடம். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், காற்றில் பசை சீக்கிரம் தோல் கட்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் இடுக்கின் ஓரம் நெடுகப் பசை வையுங்கள். பால் பாக்கெட்டில் வெட்டிய பிளாஸ்டிக் துண்டால் உள்ளே தள்ளுங்கள். இன்னொரு கையால் வெளியிலிருந்து பலகையை மெல்ல அமுக்கி அமுக்கி விட்டால் இடுக்கு திறந்து மூடும், பசையை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஜாக்கியைத் திருகும்போது பட்டியின் இரு பக்கமும் முத்து முத்தாகப் பசை பிதுங்க வேண்டும். பிதுங்காத பக்கம் ஒட்டவில்லை என்று அர்த்தம். பிதுங்கியதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, போனை விட்டு ஒருமுறை பாருங்கள்.

ஜாக்கியை இரவு முழுவதும் விட்டுவைத்தேன். ஒரு நாள் முழுதாகப் போனபின் கம்பி ஏற்றி, முதல் இரவு ஒரு முழு சுருதி குறைவாகவே விட்டேன். காலையில் சரியான சுருதிக்கு ஏற்றி, விரல் முட்டியால் தட்டினேன். டோன் பார் பக்கம் ‘டொம்’ என்றது. அடிப்பலகையைத் திருப்பித் தட்டினால் அங்கே மட்டும் ‘டப்’. ஜாக்கியை மறுபடி எடுத்தேன்.