லிண்ட்பெர்க் பாதையில் 12 பாகை பிசகு: சரிசெய்த விதம்

1927 மே மாதம் அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் பறந்த வழியைக் கணினியின் விமானச் சிமுலேட்டரில் அன்றைய திசைகாட்டி எண்களோடு ஓட்டினால், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுப் பக்கம் போனதும் விமானம் விலகும். காரணம், காந்த ஒதுக்கம்; அதாவது திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம். அன்று அங்கே சுமார் 30 பாகை மேற்கு. இன்று சுமார் 18. சிமுலேட்டரில் இருப்பது இக்காலத் தரவு. 12 பாகை பிசகினால் 100 மைலுக்கு 21 மைல் தள்ளிப் போவோம்.

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை ஒத்திகை பார்த்தால் இது பிடிபடாது. டெல்டாவில் ஒதுக்கம் மிகக் குறைவு, கீழே காவிரியின் கிளையாறுகள் வேறு வழிகாட்டிவிடும்.

பழைய காந்த எண்களைத் தூக்கிப் போட்டேன். பெருவட்டப் பாதையை (உருண்டைப் பூமியில் இரு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி), லிண்ட்பெர்க் செய்தது போலவே, 100 மைல் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் உண்மை வடக்கிலிருந்து கோணம் எடுத்தேன். லிட்டில் நாவ்மேப் என்ற பறப்புத் திட்ட மென்பொருளில் அவ்விடத்து ஒதுக்கத்தைப் பார்த்து, மேற்கு என்றால் கூட்டல், கிழக்கு என்றால் கழித்தல். காற்றுத் திருத்தம் அதன் பிறகுதான்.

இன்னொன்று: முப்பத்து மூன்றரை மணி நேரப் பறப்பு. ஐப்பசியில் நம் ஊர் மின்சாரத்தை நம்பக்கூடாது. 600 விஏ யூபிஎஸ் கிராபிக்ஸ் கார்டு சுமையைத் தாங்காது. 1 கேவிஏவுக்கு மேல் வேண்டும், இணையம் அறாதிருக்க மோடத்தையும் அதிலேயே செருகுங்கள்.