பீட்ரூட்டில் இலை மட்டும் வளர்கிறதா? முதலில் நாற்றைக் கலைத்து விடுங்கள்

"பீட்ரூட் போட்டேன், இலையெல்லாம் தளதளவென்று இருக்கிறது, கீழே கிழங்கையே காணோம்" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, நாற்றைக் கலைத்து விட்டீர்களா, அதாவது நெருக்கமாக முளைத்தவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினீர்களா என்பதைத்தான். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும்.

நாம் ஊன்றுகிற அந்தச் சொரசொரப்பான உருண்டை ஒற்றை விதை கிடையாது. இரண்டு, மூன்று, சில நேரம் நான்கு விதைகள் சேர்ந்து காய்ந்துபோன ஒரு கொத்து அது. அதனால் ஒன்றே ஒன்றை ஊன்றினாலும் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முளைகள் ஒட்டிக்கொண்டு வரும், அவற்றை அப்படியே விட்டால் எல்லாமே இடத்துக்கும் வெளிச்சத்துக்கும் முண்டியடித்து எதுவுமே பருக்காது. முதல் தடவை எனக்கு முளைத்ததை வெட்ட மனசே வரவில்லை, எல்லாவற்றையும் வளர விட்டேன், இரண்டு மாதம் கழித்துப் பிடுங்கினால் சுண்டுவிரல் பருமனில் வேர்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. அதிலிருந்து கலைக்காமல் விட்டதே இல்லை.

எப்படிக் கலைப்பது? நாற்று 4, 5 செ.மீ. உயரம் வந்து, விதையிலைக்கு அப்புறம் இரண்டு நிஜ இலைகள் விட்டதும், கொத்துக்கு நல்ல திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சின்னக் கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்ட வெட்டி விடுங்கள். பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் பக்கத்தில் இருப்பதன் வேரும் அசைந்துவிடும். முதலில் 5 செ.மீ. இடைவெளி இருந்தால் போதும். இரண்டு மூன்று வாரம் போனதும் ஒன்று விட்டு ஒன்றை எடுத்து 10 செ.மீ. ஆக்குங்கள். அப்போது எடுப்பது இளங்கீரை, அப்படியே சமையலுக்குப் போகும்.

சரி, இனி ஆரம்பத்திலிருந்து வருவோம். மண் 25, 30 செ.மீ. ஆழத்துக்குப் பொலபொலவென்று இருக்க வேண்டும். கல்லும் கட்டியும் இருந்தால் கிழங்கு கோணலாகும். நன்றாக மக்கிய உரம் போடுங்கள், பச்சைச் சாணம் மட்டும் வேண்டவே வேண்டாம், வேர் கிளை பிரிந்துவிடும். தழைச்சத்து அதிகமானாலும் செடி இலையாகவே தள்ளும், அதாவது கலைத்த பிறகும் கிழங்கு வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் உரத்தின் மேல்தான். புளிப்பு மண் இதற்கு ஆகாது, கார அமில நிலை (pH) 6 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. தொட்டியில் வளர்ப்பவர்கள் 25 செ.மீ.க்குக் குறையாத ஆழம் பார்த்துக்கொள்ளுங்கள், 30 செ.மீ. அகலத் தொட்டியில் நான்கைந்து செடிக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

விதையை முந்தின நாள் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி அலசிவிட்டு ஊன்றுங்கள். மேலே இருக்கிற தக்கை மாதிரியான தோலில் முளைப்பைத் தாமதப்படுத்துகிற பொருள்கள் உண்டு, ஊறும்போது அவை கரைந்து போகும். ஆழம் 2 செ.மீ. போதும், வரிசைக்கு வரிசை 30 செ.மீ. விடுங்கள். மண் காயாமல் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் முளைவிடும், குளிரில் இன்னும் கொஞ்சம் இழுக்கும். நேரடியாக ஊன்றுவதுதான் என் தேர்வு. நாற்று பிடுங்கி நடவும் செய்யலாம், ஆனால் ஆணிவேர் மடங்காமல் நடுவதற்குப் பொறுமை வேண்டும்.

தினம் ஆறு மணி நேரமாவது வெயில் படட்டும். 15 முதல் 25 டிகிரி வெப்பம் பீட்ரூட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். கடும் வெப்பத்தில் வளர்ந்த கிழங்கை வெட்டினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக வளையம் தெரியும், நிறமும் இனிப்பும் குறைவாக இருக்கும். நாற்றுப் பருவத்தில் வாரக்கணக்கில் கடுங்குளிர் பட்டாலோ கிழங்கு வைக்காமல் பூக்கப் போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் சீராக இருங்கள். நான்கு நாள் காயப்போட்டுவிட்டு ஐந்தாம் நாள் குளம் கட்டினால் கிழங்கு வெடிக்கும். காய்ந்த இலைதழையை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், களையும் அடங்கும். களையைக் கையால் எடுங்கள், களைக்கொட்டு கிழங்கில் பட்டால் அந்தக் காயம் அழுகும். கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரிவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், அது இயல்புதான்.

இலையின் இரண்டு தோலுக்கு நடுவே வெளிறிய திட்டோ கோடோ தெரிந்தால் உள்ளே புழு குடைகிறது. அந்த இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், இலையின் அடியில் வெள்ளை முட்டை இருந்தால் நசுக்கி விடுங்கள். நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் செந்நிறமுமாக வட்டப் புள்ளிகள் வந்தால் அது பூஞ்சை நோய். பாதித்த இலைகளை எடுத்துவிட்டு, இலை நனையாமல் அடியில் தண்ணீர் விடுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் பீட்ரூட்டோ பாலக்கீரையோ போடாதீர்கள், இரண்டும் ஒரே குடும்பம்.

55 நாளில் இருந்து 70 நாளுக்குள் தோண்டலாம். நாளை எண்ணுவதைவிட மேல்மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள், 5 முதல் 7 செ.மீ. குறுக்களவு வந்திருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். பெரிதாகட்டும் என்று விட்டால் நார் பாய்ந்துவிடும். எடுத்ததும் 2, 3 செ.மீ. காம்பு மிச்சம் வைத்து இலையைத் திருகி எடுங்கள், அடிவேரை வெட்ட வேண்டாம், வெட்டினால் வேகும்போது சிவப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். இலையோடு வைத்தால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கழுவாமல், மண்ணை மட்டும் தட்டிவிட்டு ஒரு பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரம் தாங்கும். இலை தாங்காது, அதை அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.