டெல்டாச் சாலைகளில் ஓடும் 100 சிசி வண்டி: செயின் தொய்வைப் பார்த்து நீங்களே சரிசெய்யும் முறை

சிறிய மோட்டார் சைக்கிள் ஒன்றை முதன்முறையாக வாங்கியவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேலை ஆயில் மாற்றுவதன்று. செயினின் தொய்வைப் பார்ப்பதே. ஆயிலை உரிய கிலோமீட்டர் வந்ததும் மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். செயின் அதுவரை காத்திருக்காது, அதிலும் காவிரிப் படுகையில் காத்திருக்கவே காத்திருக்காது.

குறுவைக்கும் சம்பாவுக்கும் சேடை ஓட்டிவிட்டு (நீர் கட்டிய வயலைச் சேறாக உழுதுவிட்டு) வயலிலிருந்து கரையேறும் டிராக்டர்கள் தங்கள் கேஜ் வீலில், அதாவது சேற்றுக்கென மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தில், அள்ளிவந்த களிமண்ணைத் தார்ச் சாலையில் உதிர்த்துச் செல்கின்றன. மழை பெய்தால் அது வழுக்கும் சேறாகிறது, வெயில் அடித்தால் மாவு போன்ற தூசியாகிறது, இரண்டுமே செயினில் போய் ஒட்டுகின்றன. அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோலும், சம்பாவுக்குப் பின் காயப்போடும் உளுந்துச் செடியும் பின்சக்கரத்தின் நடுப்பகுதியில் சுற்றிக்கொள்கின்றன. வேதாரண்யம் பக்கம் உப்பளங்களை ஒட்டி ஓடும் வண்டிகளுக்கு இவற்றோடு உப்புக்காற்றின் துருவும் சேர்ந்துகொள்கிறது.

செயின் நீண்டுவிட்டது என்று நாம் சொன்னாலும் அதன் இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் என்னும் சிறிய இரும்பு ஊசியும் அதைச் சுற்றிப் புஷ் என்னும் குழலும் இருக்கின்றன. இடையில் மண் புகுந்து இரண்டையும் அரைக்கும்போது அங்கே இடைவெளி விழுகிறது. ஒரு கண்ணியில் 0.1 மி.மீ. தேய்ந்தால்கூட நூறு கண்ணிகளில் 10 மி.மீ. நீளம் கூடிவிடும். ஆகவே கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாமல், நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் வாரம் ஒருமுறையும், மற்ற நாட்களில் ஏறத்தாழ 500 கி.மீ.க்கு ஒருமுறையும் பார்த்துவிடுவது நல்லது.

தொடங்குவதற்கு முன்

பின்சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் நட்டுக்கும், செயினை இறுக்க அதன் இருபக்கமும் உள்ள அட்ஜஸ்டர் நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர்கள், ஒரு ஸ்டீல் ஸ்கேல், பழைய பல்துலக்கும் பிரஷ், பழந்துணி, சிறிதளவு மண்ணெண்ணெய் அல்லது டீசல், எஸ்ஏஇ 90 கியர் ஆயில் ஆகியவை போதும்.

வண்டியைச் சிமெண்டுத் தரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்த வேண்டும். வாசலில் மண்தரைதான் இருக்கிறது என்றால், ஸ்டாண்டின் அடியில் ஒரு பலகையை வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான வண்டல் மண்ணில் ஸ்டாண்ட் மெல்ல இறங்கி, வேலை பாதியில் இருக்கும்போது வண்டி சாய்ந்துவிடும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். என்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயினைத் துடைக்கும் பழக்கத்தைச் சில கடைகளில் காணலாம். துணியோடு சேர்ந்து விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும் என்பதால், எவ்வளவு அவசரமானாலும் அப்படிச் செய்யக் கூடாது.

முதல் படி: தொய்வை அளப்பது

இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே, கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் மையத்தில்தான் அளக்க வேண்டும். முழுக் கவர் உள்ள வண்டிகளில், கவரின் கீழே ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கும். மூடியைக் கழற்றினால் செயின் தெரியும். ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்தி, விரலால் செயினை மேலே தள்ளியும் கீழே இழுத்தும், இரண்டு எல்லைகளுக்கும் இடையே உள்ள மொத்த தூரத்தைப் பாருங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்கு இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கலாம். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.

ஓரிடத்தில் அளந்ததோடு நிறுத்திவிடக் கூடாது. செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை; ஆகவே பின்சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து, எங்கே செயின் மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் தொய்வைச் சரிசெய்ய வேண்டும். தொய்வான இடத்தை வைத்து இறுக்கினால், இறுக்கமான இடம் கம்பிபோல் விறைத்துவிடும்.

செயின் தொளதொளவென்று சத்தம் போடுவதைக் கேட்டு அது நிற்கும்வரை இறுக்கிவிடுவதே பலருடைய வழக்கம். என் கணிப்பில், கொஞ்சம் தொய்வான செயினைவிட இறுகிய செயினே அதிகக் கேடு செய்யும். ஸ்டாண்டில் நிற்கும்போது பின்சக்கரம் தாழ்ந்து தொங்குகிறது. ஆள் ஏறி உட்கார்ந்து, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றையும் பின்னால் வைத்தால் ஷாக் அப்சார்பர் அமுங்கிச் சக்கரம் மேலேறுகிறது. அப்போது முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் சட்டத்தின்) அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டை நெருங்குவதால் பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் கூடி, ஸ்டாண்டில் சரியாகத் தோன்றிய செயின் சாலையில் விறைத்துக்கொள்கிறது. அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கின் மீதும் பின்சக்கர பேரிங்கின் மீதும்தான் விழும். ஆகவே அடிக்கடி மூட்டை ஏற்றுபவர்கள் 30 மி.மீ. பக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: துடைத்து ஆயில் இடுவது

கவரைக் கழற்றி, உள்ளே சிக்கிய வைக்கோலையும் காய்ந்த சேற்றையும் முதலில் எடுத்துவிட வேண்டும். பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்துச் செயினைத் தேய்த்தபின், துணியால் கீழ்ச் செயினைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள்; இந்தத் திசையில் கீழ்ச் செயின் பின் பல்சக்கரத்தைவிட்டு விலகி ஓடுவதால் துணி உள்ளே இழுபடாது. பெட்ரோலால் கழுவ வேண்டாம், தீப்பிடிக்கும். கடைசியில், செயினின் இரு முனைகளையும் இணைக்கும் பூட்டுக் கண்ணியின் கிளிப்பைப் பாருங்கள்: அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

நன்கு உலர்ந்த பிறகு, கீழ்ச் செயினின் உட்பக்கத்தில் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக இட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஓடும்போது ஆயில் வெளிப்பக்கமாகத் தெறிக்கும் இயல்புடையது என்பதால், உள்ளே இட்டால்தான் கண்ணிக்குள் இருக்கும் பின்னைச் சென்றடையும். மிகுதியைத் துடைத்துவிட வேண்டும், டயரில் ஒரு சொட்டும் படக் கூடாது. கிரீஸ் பூசுவது வீண். அது புஷ்ஷுக்குள் இறங்காமல் வெளியே நின்று தூசியைச் சேர்க்கும். என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலும் வேண்டாம். அழகுக்காகச் செயின் கவரைக் கழற்றிவிட்டு ஓட்டுவோரும் உண்டு. நம் ஊர்ச் சேற்றில் அது செயினுக்கும் பின்னால் அமர்பவரின் சேலைக்கும் ஒருசேர ஆபத்து.

மூன்றாம் படி: இறுக்கம் வைப்பது

ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள்; கழற்ற வேண்டியதில்லை. சில வண்டிகளில் செயின் பக்கம் ஸ்லீவ் நட் ஒன்று கூடுதலாக இருக்கும், அதையும் தளர்த்த வேண்டும். பிறகு இருபக்க அட்ஜஸ்டர்களையும் நகராமல் பூட்டிவைக்கும் லாக் நட்டுகளைத் தளர்த்தி, அட்ஜஸ்டர் நட்டுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று இரு பக்கமும் சமமாகத் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் பொறித்துள்ள கோடுகள் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாக நின்று, டயரும் பல்சக்கரமும் ஒருபக்கமாகத் தேயும்.

ஆக்சில் நட்டை முழுமையாக இறுக்கிய பின் தொய்வை மறுபடி அளக்க வேண்டும், ஏனெனில் நட்டை இறுக்கும்போதே அளவு சற்று மாறுவதுண்டு. சரியாக இருந்தால் லாக் நட்டுகளை இறுக்கி முடிக்கலாம்.

நான்காம் படி: பின் பிரேக்கைப் பார்ப்பது

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இது. சக்கரம் பின்னே நகர்ந்ததால் டிரம் பிரேக்கின் கம்பியும் இழுபட்டு, பெடலின் வெற்றோட்டம், அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் நகரும் தூரம், குறைந்திருக்கும். அப்படியே ஓட்டினால் பிரேக் உரசி டிரம் சூடாகும். கம்பியின் முனையிலுள்ள நட்டைத் திருப்பி, பெடலின் வெற்றோட்டத்தை 20 முதல் 30 மி.மீ.க்குக் கொண்டுவந்து, சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா, பெடலை அழுத்தும்போது பிரேக் விளக்கு உரிய நேரத்தில் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, வீதியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

எப்போது மாற்றுவது

பின் பல்சக்கரத்தின் பின்பக்கம் செயினைப் பிடித்து வெளியே இழுத்தால் பல்லில் பாதி கண்ணுக்குத் தெரிகிறது என்றாலோ, அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டது என்றாலோ செயினின் ஆயுள் முடிந்துவிட்டது. இன்னும் துல்லியமாகப் பார்க்க விரும்புபவர்கள் செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களுக்கு இடையே அளக்கலாம்: 428 எண் செயினில் புதிதாக இருக்கையில் அது 254 மி.மீ. இருக்கும், 259 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். ஒரு கண்ணியைக் கழித்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். தேய்ந்த கண்ணிகள் தேய்ந்தவையாகவே இருக்கும்.

செயினை மட்டும் மாற்றுவதும் சிக்கனமாகாது. பழைய பல்சக்கரத்தின் வளைந்த பற்கள் புதிய செயினை விரைவில் கெடுத்துவிடும் என்பதால், முன்னும் பின்னும் சேர்த்து முழு செட்டாக மாற்ற வேண்டும். புதிய செயின் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே சற்றுத் தளரும். முதல் 500 கி.மீ.க்குள் ஒருமுறை அளந்து சரிசெய்துவிடுங்கள்.