தோட்டத்து மீன்தொட்டியில் பாசி பம்பை அடைக்கிறதா? முதலில் இதைச் செய்யுங்கள்

வீட்டுத் தோட்டத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி, கொஞ்சம் கோய் மீன், ஒரு அல்லித் தொட்டி, ஓரத்தில் சின்னதாக ஒரு நீரூற்று என்று வைத்தவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்பது இதுதான்: "பம்பு தண்ணி ஏத்த மாட்டேங்குது, போயிடுச்சா?" பெரும்பாலும் போயிருக்காது. தண்ணீரை இழுக்கிற அதன் வாயில் பாசி சுற்றி அடைத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அப்படியே ஓடவிட்டால் நிஜமாகவே போய்விடும், ஏனென்றால் இந்தச் சின்ன நீர்மூழ்கிப் பம்புகளைக் குளிர வைப்பதே அவற்றுக்குள் ஓடுகிற தண்ணீர்தான்.

பலர் வாராவாரம் பம்பைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள். அது தேவைதான், ஆனால் பாசி பம்பு வரைக்கும் வராமல் தடுப்பதுதான் உண்மையான வேலை. அதை முடித்துவிட்டு, பாசி வளரவே காரணமாக இருக்கிற வெயிலையும் தண்ணீரில் சேரும் உரத்தையும் குறைக்கலாம்.

உங்கள் தொட்டியில் இருப்பது எந்தப் பாசி?

கையை விட்டு எடுத்தால் தலைமுடி மாதிரி இழை இழையாக வந்தால் அது இழைப்பாசி. பம்பின் வாயில் போய்ச் சுற்றிக்கொள்வது இதுதான். தண்ணீரே பச்சையாகி மீன் தெரியவில்லை, ஆனால் கையில் எதுவும் சிக்கவில்லை என்றால் அது கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் பாசி. இது பம்புக்குள் புகுந்து வெளியே போய்விடும், பம்பை நேரடியாக அடைக்காது, பம்பின் வாயில் இருக்கும் ஸ்பான்ஜைத்தான் சீக்கிரம் அடைக்கும். இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். புற ஊதா விளக்கு வாங்கச் சொல்வார்கள். அது இரண்டாவது வகைக்கு மட்டும்தான். சுவரில் ஒட்டி வளர்கிற இழைப்பாசி விளக்கைத் தாண்டிப் போவதே இல்லை, அப்புறம் எப்படிச் சாகும்? அதனால் எந்தப் பாசி என்று பார்க்காமல் பணத்தைப் போடாதீர்கள்.

படி 1: பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்

ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். தொட்டிக்குப் போகும் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) இல்லையென்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள். பம்பை விட இது முக்கியம், இதில் சமரசமே கிடையாது.

பம்பின் முன் மூடியைக் கழற்றினால் உள்ளே இறக்கைகளோடு ஒரு காந்த உருளை இருக்கும், அதுதான் இம்பெல்லர். மெதுவாக வெளியே இழுங்கள். நடுவில் இருக்கும் தண்டு பல பம்புகளில் செராமிக், வளைத்தால் பட்டென்று உடைந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இறக்கை, உருளை, அது உட்காரும் குழி எல்லாவற்றையும் தேயுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும், வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் வந்துவிடும். நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம்.

படி 2: பம்புக்கு ஒரு கூண்டு

பம்பின் வாய் உள்ளங்கை அளவுகூட இருக்காது. முழுத் தண்ணீரும் அந்தச் சின்ன இடத்தின் வழியாகப் போவதால் இழுவை அதிகம், பக்கத்தில் வருகிற ஒவ்வொரு இழையும் அங்கே போய் ஒட்டும். அதே தண்ணீர் ஒரு பெரிய கூடையின் எல்லாப் பக்கமும் இருந்து மெதுவாக உள்ளே வந்தால் எந்த ஓர் இடத்திலும் இழுவை அவ்வளவு இருக்காது. பாசி கூடையின் மேல் மெல்லப் படியும், ஒரு பக்கம் அடைத்தாலும் மற்ற பக்கங்கள் வேலை செய்யும். பம்போடு வருகிற குட்டி ஸ்பான்ஜ் நாலு நாளில் அடைத்துக்கொள்வதற்குக் காரணமும் இதே சின்ன அளவுதான்.

ஓட்டை ஓட்டையாக இருக்கும் காய்கறிக் கூடை, மூடி போட முடிகிற மாதிரி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடை கிடைக்கவில்லையென்றால் 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளியின் சுற்றுப்பக்கம் முழுக்கத் துளை போட்டாலும் சரி, ஆனால் துளைகள் நிறைய வேண்டும், பத்து இருபது போட்டுவிட்டு நிறுத்தினால் பழைய கதைதான். கூடையைச் சுற்றி பச்சை நிழல்வலையை ஒரு சுற்று சுற்றி கேபிள் டை போட்டு இறுக்குங்கள். கொசுவலை வேண்டாம், கண்ணி ரொம்பச் சின்னது, சீக்கிரம் மூடிக்கொள்ளும். நடுவில் பம்பை வைத்து, அதைச் சுற்றிக் கழுவிய ஓட்டுச் சில்லுகளையோ பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் ஸ்க்ரப்பர்களையோ நிரப்புங்கள். ஸ்டீல் ஸ்க்ரப்பர் கூடாது. சோப்புத் தடவி வருவதும் கூடாது. ஒயரும் குழாயும் வெளியே வர மூடியில் வழி விட்டு மூடுங்கள்.

கூடையைத் தரையில் வைக்காதீர்கள். மீன் கழிவு, அழுகிய இலை எல்லாம் அடியில்தான் சேரும், அதனால் ஒன்றிரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். ரொம்ப மேலே கொண்டுபோனாலும் சிக்கல்தான்: கோடையில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் பம்பு காற்றில் ஓடிக் கருகிவிடும்.

படி 3: இருக்கிற பாசியைக் கையால் எடுங்கள்

சொரசொரப்பான ஒரு குச்சியைப் பாசிக்குள் விட்டு, பஞ்சுமிட்டாய் சுற்றுவது போலச் சுற்றுங்கள், கொத்தாக வரும். எடுக்கும்போது பம்பு நின்றிருக்கட்டும், பிய்ந்து மிதக்கிற துண்டுகள்தான் முதலில் போய் அடைக்கும். எடுத்ததை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு அலசிப் பாருங்கள், மீன்குஞ்சுகள் உள்ளே ஒளிந்திருக்கும். மிச்சத்தை உரக்குழியில் போட்டுவிடுங்கள், செடிக்கு நல்லது.

படி 4: வெயிலைக் குறையுங்கள்

நாள் முழுக்க நேர் வெயில் விழும் தொட்டியில் பாசி வராமல் இருக்காது. மதிய வெயிலை மட்டும் மறைக்கிற மாதிரி 50 சதவீத நிழல்வலை கட்டலாம். அல்லி இலை தண்ணீர்ப் பரப்பில் பாதியை மூடினாலும் போதும், ஆனால் அல்லிக்குப் பூக்க வெயில் வேண்டும், அதனால் காலை வெயிலை மறைக்காதீர்கள். நீரூற்றுத் தண்ணீர் அல்லி இலைமேல் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிடிக்காது. வெங்காயத்தாமரை வேகமாக நிழல் தரும், உரத்தையும் உறிஞ்சும், இருந்தும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அளவுக்கு மீறிப் பெருகும், அதிகமானதை யாராவது பக்கத்து ஏரியில் போடுவார்கள், அப்புறம் அந்த ஏரியே மூடிவிடும். ஓரத்தில் ஒரு கல்வாழையின் வேர் தண்ணீரில் இருக்கும்படி வைத்தால் உரத்தை உறிஞ்சுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

படி 5: பாசிக்குச் சோறு போடாதீர்கள்

மீன் தின்றது போக மிஞ்சும் தீனியும் மீன் கழிவும் அம்மோனியாவாக மாறும். ஸ்பான்ஜிலும் ஓட்டுச் சில்லிலும் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் மீன் பிழைக்கும், சரி, ஆனால் நைட்ரேட் எங்கேயும் போவதில்லை, பாசிக்கு அதுதான் யூரியா. தண்ணீர் மாற்றுவதும் செடிகளும்தான் அதைக் குறைக்கும். எவ்வளவு பெரிய ஃபில்டர் வைத்தாலும் இதில் மாற்றமில்லை.

ஆகவே இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். வீட்டில் குழந்தைகள் ஆளுக்கொரு பிடி போடுகிறார்களா என்றும் பாருங்கள். பக்கத்துப் பூந்தொட்டிகளுக்குப் போடும் மாட்டுச்சாணமும் டிஏபியும் மழையில் கரைந்து தொட்டிக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள், பலரும் கவனிக்காத வழி இது. வேப்பிலை, மாவிலை விழும் இடமென்றால் மேலே ஒரு வலை.

படி 6: தண்ணீர் மாற்றுவது

நீளம், அகலம், ஆழத்தை அடிக்கணக்கில் அளந்து பெருக்கி, அதை 28 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 6 அடிக்கு 4 அடி, ஆழம் 2 அடி என்றால் சுமார் 1,350 லிட்டர். வாரம் 10 முதல் 20 சதவீதம், அதாவது 150 முதல் 250 லிட்டர் வரை அடியிலிருந்து உறிஞ்சி வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். வற்றியதற்கு மேலே ஊற்றுவது தண்ணீர் மாற்றுவது ஆகாது, ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பும் நைட்ரேட்டும் அங்கேயே தங்கிவிடும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் டிரம்மில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கூடையின் வலையையும் ஸ்பான்ஜையும் இந்த வெளியேற்றிய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

யார் சொன்னாலும் செய்யாதீர்கள்

மயில்துத்தம் போட்டால் பாசி சாகும், மீனும் சாகும். பிளீச்சிங் பவுடரும் அப்படியே. மீனுக்குப் பாதுகாப்பான மருந்து என்று விற்பதைப் போட்டாலும் பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் இறங்கிவிடும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். இதே காரணத்துக்காகத்தான் கரண்ட் மிச்சம் என்று இரவில் பம்பை நிறுத்துவதும் தப்பு, இரவில் செடியும் பாசியும்கூட ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். அப்புறம், சென்னை கொளத்தூர் மாதிரியான இடங்களில் இருக்கும் மீன் கடைகளில் டேங்க் கிளீனர் என்று ஒரு கறுப்பு மீன் கொடுப்பார்கள். இழைப்பாசியை அது பெரிதாகத் தொடாது, ஓர் அடிக்கு மேலும் வளரும், போடும் கழிவும் அதிகம். வேண்டாமென்று ஏரியில் விட்டால் அங்கே இருக்கிற நாட்டு மீன்களுக்குத்தான் ஆபத்து.

எல்லாம் செய்தும் தண்ணீர் வரவில்லையா?

பிளக்கை மாட்டிக் கவனியுங்கள். உறுமல் சத்தம் கேட்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் இம்பெல்லர் எங்கோ சிக்கியிருக்கிறது, மறுபடி கழற்றுங்கள். குழாய்க்குள்ளேயே பாசி வளர்ந்து அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு, குழாயைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சத்தமே இல்லை, வேறு பாயிண்டில் மாட்டியும் இல்லை என்றால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போயிருக்கும், பிசின் ஊற்றி மூடியிருப்பதால் ரீவைண்டிங் செய்ய முடியாது. புதிது வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள், அது தண்ணீரை மேலே ஏற்றாதபோது வருகிற அளவு. எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டுமோ அந்த உயரத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது தொட்டித் தண்ணீர் முழுக்கச் சுற்றி வருகிற மாதிரி பம்பாகக் கேட்டு வாங்குங்கள்.