எல்.இ.டி மாஸ்க் வாங்கும் முன்

முகத்துக்கு ஒளி சிகிச்சை தரும் எல்.இ.டி மாஸ்க் வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் முதலில் அலைநீளத்தை, அதாவது எந்த வகை ஒளி என்று காட்டும் நானோமீட்டர் எண்ணைத் தேடுங்கள். நீல ஒளி சுமார் 415 நானோமீட்டர். பருவில் இருக்கும் பாக்டீரியாவைத் தாக்கும். சிவப்பு சுமார் 630. இன்னும் கொஞ்சம் ஆழம் போய் அழற்சியைத் தணிக்கும். எண்ணே போடாத மாஸ்க் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நம் மாநிறத் தோலுக்கு ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். முகத்தில் மங்கு எனும் கரும்பழுப்புத் திட்டுகள் இருந்தால் நீல ஒளி பக்கமே போகாதீர்கள். அது நிறமியைத் தூண்டி அந்தத் திட்டுகளை இன்னும் கருக்க வைக்கலாம். பருவுக்காக டாக்சிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் தோல் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்த மருந்துகளால் தோல் வெளிச்சத்தைத் தாங்காமல் போகலாம்.

அப்புறம், கிரீம், சன்ஸ்கிரீன் எல்லாம் போகக் கழுவித் துடைத்த முகத்தில்தான் மாஸ்க் போட வேண்டும். கண் காப்பு இல்லாமல் வேண்டவே வேண்டாம். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு நேரத்தைக் கூட்டாதீர்கள்.

வெண்புள்ளி, சொரியாசிஸுக்கு மருத்துவமனையில் தருவது 311 நானோமீட்டர் புறஊதா ஒளி. அந்த வேலையை இந்த மாஸ்க் செய்யாது.