லோப்பின் மூன்று தட்டு

கிருஷ்ணகிரியில் மாம்பழப் பருவம் ஓய்ந்த பிறகுதான் எனக்கு மாலைப்பொழுது கிடைக்கும். அப்போது கணினியில் குதிரையேற்ற விளையாட்டு ஆடுவேன். அதில் வெஸ்டர்ன் பிளெஷர் என்ற, குதிரையின் நிதானமான நடையை மதிப்பிடும் போட்டியில் மூன்று வாரமாகக் கடைசி இடம்தான்.

வேகமாக ஓடினால் மதிப்பெண் கூடும் என்று நினைத்தது முதல் தவறு. இது பந்தயம் அல்ல. சவாரி செய்பவருக்கு இதமாக இருக்குமா என்பதைத்தான் நடுவர் பார்க்கிறார். வேகத்தை நன்றாகக் குறைத்தேன். அப்போதும் பலன் இல்லை. அருகில் இருந்த அண்ணன் மகள், "சித்தப்பா, குளம்புச் சத்தம் நான்கு நான்காகக் கேட்கிறதே" என்றாள். சிக்கல் அங்கேதான் இருந்தது. ஒரு முழு அடிவைப்பில் கேட்கும் குளம்பொலிகளைத்தான் தட்டு என்கிறேன்: சாதாரண நடைக்கு நான்கு தட்டு, ஜாக் என்ற மெதுவோட்டத்துக்கு இரண்டு, லோப் என்ற நிதானமான பாய்ச்சலுக்கு மூன்று. லோப்பை அளவுக்கு மீறி இழுத்துப் பிடித்தால் அந்த மூன்று உடைந்து நான்காகிவிடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மூன்று தட்டு தெளிவாகக் கேட்கும்வரை வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். கடிவாள வாரையும் தளர்த்தினேன்.

முன்செல்லும் குதிரைக்குப் பின்னால் ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விட வேண்டும். முந்துவதானால் களத்தின் உள்பக்கமாகப் போக வேண்டும். நானோ சக ஆட்டக்காரர் ஒருவருக்கும் வேலிக்கும் நடுவே புகுந்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அவருக்கு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். திசை மாற்றும்போதும் உள்நோக்கியே திரும்புகிறேன்.

நேற்று ஆறு பேரில் மூன்றாவதாக வந்தேன்.